அறுபத்து மூன்றாவது கிட்டார்

அமெரிக்கப் பத்திரிகை ஒன்று உலகின் தலைசிறந்த நூறு ராக் கிட்டார் கலைஞர்கள் என்று ஒரு தரவரிசை போட்டது. அது 2004-ல் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தது, ராஜையனின் மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த பெட்டிக்குள், ஷாம்பூ பாட்டில்களைச் சுற்றிய தாளாக. ராஜையன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எந்தத் தாளையும் படிக்காமல் கீழே போடாதவர். ஷாம்பூவைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கசங்கிய பக்கங்களை நீவி முழுவதும் படித்தார். முதலிடம் பெற்றவர் இடது கையால் வாசிக்கிறவர் என்று கண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் மாலை நகராட்சிப் பூங்காவில் நடைப்பயிற்சி நண்பர்களிடம் முறையிட்டார். "நான் வேல பாத்த காலம் முழுக்க இடது கையால எழுதின ஒருத்தனுக்கும் முதல் ரேங்க் போட்டதில்ல. இவனுவ எப்படிப் போடலாம்?"

நண்பர்களில் ஒருவர் வைகுண்டராஜன். கூட்டுறவுத் துறையில் துணைப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கையாக இருந்தாலும் பதவிக்கு வந்துவிட்டால் மரியாதை கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. அன்றே பூங்கா இரண்டாகப் பிரிந்தது. இடது கை அணி ஒரு சிமெண்டு பெஞ்சிலும் வலது கை அணி எதிர் பெஞ்சிலும் உட்கார்ந்தன. பதினேழாமவர் இருபதாமவருக்கு மேலே போனது எப்படி, நாற்பதாமவருக்குப் பரிந்துரை செய்தது யார் என்றெல்லாம் இருட்டும்வரை பேசினார்கள். அந்த நூறு பேரில் ஒருவருடைய வாசிப்பையும் அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை. "கேட்டவர்கள் பேசியிருந்தால் கைகலப்பு வந்திருக்கும். கேட்காத காரணத்தால்தான் நாம் நாகரிகமாக விவாதிக்கிறோம்" என்று வைகுண்டராஜன் பிற்காலத்தில் ஒரு மேடையில் பெருமையோடு சொன்னார்.

பத்திரிகைக்கு ஒரு கண்டனக் கடிதம் பதிவுத் தபாலில் போனது. பதில் வரவில்லை. ஆனால் ஒப்புகை அட்டை யாரோ கிறுக்கிய கையெழுத்தோடு திரும்பி வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட ஒரு சுவர் தேவைப்பட்டது. சுவருக்காக வடசேரியில் ஒரு குடை ரிப்பேர் கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். மாடி இருப்பதால் சங்கம் பதிவு செய்தார்கள். குமரி மாவட்ட ராக் கிட்டார் தரவரிசைப் பேரவை அப்படித்தான் பிறந்தது. வைகுண்டராஜன் தலைவர், ராஜையன் செயலாளர்.

2011-ல் அமெரிக்கப் பத்திரிகை தன் தரவரிசையைத் திருத்தி மறுபடி வெளியிட்டது. சிலர் ஏறியிருந்தார்கள், சிலர் இறங்கியிருந்தார்கள். பேரவையில் அன்று லட்டு வழங்கப்பட்டது. "நம் கடிதம் வேலை செய்துவிட்டது" என்று அறிவித்தார் வைகுண்டராஜன். "சற்றுத் தாமதமாக, ஆனால் செய்துவிட்டது. உலகத்தைச் சரி பண்ணியாயிற்று. இனி நாம் மாவட்டத்தைக் கவனிக்க வேண்டும்."

அடுத்த வருஷம் பேரவையின் இதழான 'தரம்', குமரி மாவட்டத்தின் தலைசிறந்த நூறு ராக் கிட்டார் கலைஞர்களை வரிசைப்படுத்தி வெளியிட்டது. அதில் அறுபத்து மூன்றாம் இடத்தில் ஜான்ரோஸ் என்று ஒரு பெயர் இருந்தது. இப்படி ஒரு பேரவை உலகத்தில் இருக்கிற விஷயமே ஜான்ரோஸுக்குத் தெரியாது.

குளச்சலை அடுத்த ஒரு கடற்கரை ஊர் அவனுக்கு. ஐஸ் கம்பெனியில் வேலை. பகலெல்லாம் ஐஸ் பாளங்களை எந்திரத்தில் தள்ளிப் பொடித்து மீன்காரர்களின் பெட்டிகளுக்குப் போட்டுக் கொடுப்பான். சாயங்காலம் கை மரத்துப் போயிருக்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்துவிட்டு கிட்டாரை எடுப்பான். ஊரில் வேவ்ஸ் இசைக்குழு என்று ஒன்று இருந்தது. அதில் லீட் கிட்டார் ஜான்ரோஸ், ரிதம் கிட்டார் யூஜின். இருவரும் ஒரே தெரு, சிறுவயதில் தேவாலயத்தில் ஒரே நாளில் புதுநன்மை எடுத்தவர்கள். யூஜினுக்கு நாலு கார்டு, அதாவது நாலு சுரக்கூட்டு, தெரியும். அந்த நாலையும் விசுவாசத்தோடு அடிப்பான்.

ஊர்த் தேவாலயத்தின் பங்குத் திருவிழாவின் பத்தாம் நாள் வேவ்ஸ் கச்சேரி. பக்திப் பாட்டு, சினிமாப் பாட்டு எல்லாம் முடிந்தபிறகு ஜான்ரோஸ் தானே உண்டாக்கிய ஒன்றை வாசிப்பான். அதற்குப் பெயர் கிடையாது. வள்ளத்தைக் கடலில் தள்ளுவதுபோல மெதுவாகத் தொடங்கும். பிறகு எஞ்சின் இருமும், அணையும், மறுபடி இருமும், சட்டென்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் அலைக்கு மேலே எழும்பி எழும்பி விழும். முதல் வருஷம் வாசித்தபோது காது பொத்திக்கொண்ட கிழவிகள்கூட இப்போதெல்லாம், "அந்த வள்ளம் எறக்குக பாட்டு எப்பம்லே?" என்று கேட்டுவிட்டுத்தான் மண்ணில் துண்டை விரித்துச் சாய்வார்கள்.

'தரம்' இதழை ஐஸ் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு வந்தவர் சகாயம். திருவிழாக் கமிட்டியின் பொறுப்பாளர்.

"ஜான்ரோஸே, ஒனக்கு அறுவத்தி மூணு."

"எனக்கா? எனக்கு முப்பத்தி நாலுதான் அண்ணே ஆவுது."

"வயசில்ல மக்கா. ரேங்கு."

ஜான்ரோஸ் கையைத் துடைத்துக்கொண்டு இதழை வாங்கிப் பார்த்தான். முதலிடத்துக்கு நேரே, 'காலி. பொறுப்பு: பேரவைத் தலைவர்' என்று அச்சடித்திருந்தது. இரண்டாம் இடம் இறந்துபோன ஒருவருக்கு. விரலை ஓட்டிக்கொண்டே இறங்கியவன் இருபத்திரண்டில் நின்றான். யூஜின்.

அந்த நேரம் யூஜினே வந்து சேர்ந்தான். செய்தியைக் கேட்டதும் ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். "எனக்க நாலு கார்டுக்கே இருவத்தி ரெண்டா? லேய், அஞ்சாவது ஒண்ணு படிச்சேன்னா பத்துக்குள்ள வந்திருவேன் பாத்துக்க!"

"ஒனக்கு எப்பிடில வந்தது?"

விடை இதழின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. முதல் இருபத்தைந்து இடங்களில் ஒவ்வொரு தாலுகாவுக்கும் சம பங்கு. யூஜின் பெண் கட்டியது ஆரல்வாய்மொழியில். காற்றாலைக் கம்பெனி ஒன்றில் காவல் வேலையும் அங்கேதான். ரேஷன் கார்டை மாமியார் வீட்டுக்கு மாற்றியிருந்தான். அதனால் அவன் தோவாளை தாலுகாக்காரன். தோவாளை தாலுகாவில் நெல் விளைந்தது, பூ விளைந்தது, ராக் கிட்டார் மட்டும் விளையவில்லை. கடற்கரையிலோ தெருவுக்கு இரண்டு பேர் வாசித்தார்கள். ஜான்ரோஸ் அந்த நெரிசலில் கீழே தள்ளப்பட்டிருந்தான்.

அன்றைக்கு இருவரும் சிரித்த சிரிப்பில் ஐஸ் கம்பெனி முதலாளியே வெளியே வந்து பார்த்தார். அவர்கள் சேர்ந்து அப்படிச் சிரித்தது அதுதான் கடைசித் தடவை.

ஊருக்கு அது சிரிப்பாகப் படவில்லை. மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போன ஜான்ரோஸின் மனைவி பிரிஜாவிடம், "ஒனக்க மாப்பிளைக்கு அறுவத்தி மூணாமே, இத்தற நாளும் நாங்க நல்லா வாசிக்காருன்னுல்லா நெனச்சிற்றிருந்தோம்" என்று ஒருத்தி அனுதாபம் சொன்னாள். பங்குச் சாமியார் அவனை நிறுத்தி ஆறுதல் சொன்னார். "தன்னைத் தாழ்த்துகிறவன் உயர்த்தப்படுவான், ஜான்ரோஸ்."

"சாமி, நான் தாழ்த்தல்ல. அவங்கதான் தாழ்த்தினது."

"யார் தாழ்த்தினால் என்ன" என்றார் சாமியார். அவருக்குக் கார் காத்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷத் திருவிழாவுக்கு முன்னால் சகாயம் வீட்டுக்கு வந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஜான்ரோஸின் வாசிப்பைக் கேட்டு இரண்டு முறை அழுதவர். பிரிஜா கொடுத்த பால் விடாத கட்டன் சாயாவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"மக்கா, எல்லா ஊருலயும் பேனர்ல ரேங்கு போடுகாங்க. பக்கத்து ஊருக்காரன் முப்பத்தி ஒண்ணு கொண்டு வாறான். நம்ம அறுவத்தி மூண முன்னால நிறுத்தினா ஊருக்க மானம் என்னாவும்? இந்த வருஷம் லீடு யூஜின் வாசிக்கட்டு."

"அவனுக்கு வாசிக்கத் தெரியாதே அண்ணே."

"அது எனக்குத் தெரியும்லே. அதுக்குத்தான ஒனக்க கிட்ட வந்தேன். நீ பேனருக்குப் பின்னால இருந்து வாசி. அவன் முன்னால நிப்பான். பாட்டு மாறாது. ஆளுதான மாறும்."

விஷயம் யூஜினுக்குப் போனதும் அவன் ஆரல்வாய்மொழியிலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்தான். "நான் செய்யமாட்டேன்லே. நாணக்கேடு. நீ வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லு, நான் கமிட்டிக்காரன் மூஞ்சில பேனரத் தூக்கி எறிஞ்சிருவேன்."

ஜான்ரோஸ் வெகுநேரம் யோசித்தான். வேண்டாம் என்று சொன்னால் அந்த வருஷம் வள்ளம் இறங்காது. கிழவிகள் துண்டை விரித்துக்கொண்டு காத்திருப்பார்கள். சத்தம்தானே, முன்னாலிருந்து வந்தால் என்ன, பின்னாலிருந்து வந்தால் என்ன என்று நினைத்தான். "நில்லுலே" என்றான். "நின்னா போரும்."

கச்சேரி அன்று பேரவையிலிருந்து மூன்று பார்வையாளர்கள் வந்தார்கள். தரவரிசையை ஆண்டுதோறும் மறு ஆய்வு செய்யும் குழு அது. ராஜையன் அதற்குத் தலைமை. முன்வரிசையில் சோபா போட்டு அவர்களை உட்கார வைத்தார்கள். கச்சேரி தொடங்குவதற்கு முன் மூவரும் பையிலிருந்து பஞ்சை எடுத்து உருட்டிக் காதுகளில் திணித்துக்கொண்டார்கள். சகாயம் பதறிப்போய் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கட்டுமா என்று சைகையில் கேட்டார். ராஜையன் ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டு விளக்கினார்.

"சத்தம் ஒரு பிரச்சினையே இல்ல. நீங்க எவ்வளவு வேணும்னாலும் வையுங்க. இது விதி. வாசிப்பு காதுல விழுந்தா மனசுக்குள்ள போயிரும். மனசுக்குள்ள போச்சுன்னா ஒருத்தர் மேல பிரியம் வந்திரும். அப்புறம் நடுநிலை எங்க இருக்கும்? நாங்க நிக்கிற நிலை, முகபாவம், உடை, கிட்டாரு பிடிக்கிற கோணம், இதுக்கு மட்டும்தான் மார்க் போடுவோம்." பஞ்சைத் திரும்பத் திணித்துக்கொண்டார்.

பேனருக்குப் பின்னால் காலி ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஜான்ரோஸ் உட்கார்ந்திருந்தான். மேடைக்கு மேலே விளக்கு, அவனுக்கு டீசல் புகை. பேனரின் மறுபக்கம் புனிதரின் படமும் யூஜினின் படமும் பெரிதாக இருந்தன. இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க இருவருமே இடவலமாகத் திரும்பிய எழுத்துகளுக்கு நடுவே மங்கலாகத் தெரிந்தார்கள். பிரிஜா புடவையைத் தூக்கிக்கொண்டு ஒயர்களைத் தாண்டி வந்து பக்கத்துப் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, முன்னால போயி இருந்து பாரு."

"முன்னால எனக்கு என்ன இருக்கு?" என்றாள் அவள்.

அவன் வாசித்தான். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்பதாலோ, பிரிஜா அத்தனை பக்கத்தில் இருந்ததாலோ, வாழ்நாளில் அப்படி அவன் வாசித்ததில்லை. எஞ்சின் பிடிக்கிற இடத்தை நீட்டினான். பிடிக்காமலே போய்விடுமோ என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டபோது பிடிக்க விட்டான். மணலிலிருந்து எழுந்த கூச்சலில் கொடிமரத்துப் புறாக்கள் கலைந்தன. "யூஜின்! யூஜின்!" என்று கத்தினார்கள். மேடையில் யூஜின் ஒயர் குத்தாத கிட்டாரில் விரல்களைத் தாறுமாறாக ஓட்டிக்கொண்டு நின்றான். அவமானத்தில் அவன் முகம் கோணியது. கண்களிலிருந்து நீர் வழிந்தது. ராஜையன் பக்கத்திலிருந்தவர் தொடையைத் தட்டி, அந்த முகத்தைச் சுட்டிக்காட்டினார். மூவரும் எழுதினார்கள்.

கச்சேரி முடிந்ததும் யூஜின் பேனரைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே வந்தான். ஜான்ரோஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருலே, மன்னிச்சிரு" என்று அழுதான்.

"நல்லாத்தான நின்ன" என்றான் ஜான்ரோஸ். கிண்டல் இல்லாமல்தான் சொன்னான்.

அடுத்த 'தரம்' இதழில் யூஜின் ஒன்பதாம் இடத்துக்கு வந்திருந்தான். 'வாசிப்பில் கரைந்து அழும் முகபாவம் மாவட்டத்திலேயே முதன்முறை' என்று குறிப்பு. ஜான்ரோஸ் எண்பத்தெட்டுக்குப் போயிருந்தான். 'மேடைக்கு வராமை' என்று குறிப்பு.

அப்போதுதான் ஜான்ரோஸுக்குக் கோபம் வந்தது. அறுபத்து மூன்றாக இருந்தபோது வராத கோபம். ஒருநாள் லீவு போட்டுவிட்டு வடசேரிக்குப் போனான். தன் பெயரை நீக்கிவிட வேண்டும் என்றுதான் கேட்டான். மேலே போடச் சொல்லிக் கேட்கவில்லை.

ராஜையன் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "நீக்க முடியாது தம்பி. நீங்க போனா எண்பத்தி ஒம்பது எண்பத்தி எட்டாவாரு. அவருக்கு அந்தத் தகுதி இருக்கான்னு நாங்க பாக்கணும். அப்புறம் தொண்ணூறு. இப்படியே நூறு வரைக்கும் போனா, நூறாவது எடத்துக்குப் புதுசா ஒரு ஆளு வேணும். மாவட்டத்துல நூத்தி ஒண்ணாவது ஆளு இல்ல. நூறு பேரைக் கண்டுபிடிக்கவே நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். கடைசி பத்துல நாலு பேரு வயலின் வாசிக்கிறவங்க."

"அப்பம் நான் என்ன செய்யணும்?"

"மேல்முறையீடு செய்யலாம். சாட்சி இருந்தா கூட்டிக்கிட்டு வாங்க."

சாட்சியாக யார் வருவார்கள்? யூஜினே வந்தான். கேட்டவுடன் சரி என்றான். "உள்ளதச் சொல்லிட்டு வந்திருவோம்லே. எனக்கும் ஒறக்கம் வரும்" என்றான்.

விசாரணை நாளன்று இருவரும் படியேறியபோது பேரவை முழுதாகக் கூடியிருந்தது. சட்டம் போட்ட ஒப்புகை அட்டைக்குக் கீழே வைகுண்டராஜன் உட்கார்ந்திருந்தார். முதல் பொருளாக, அமெரிக்கப் பத்திரிகையின் புதிய தரவரிசையில் முப்பத்தைந்தாமவர் பெற்ற இடம் சரியா என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் மீசை வைத்திருப்பதால் இன்னும் மேலே போயிருக்க வேண்டும் என்றது இடது கை அணி. அது ஒட்டு மீசையாக இருக்கலாம் என்றது வலது கை அணி. ஒருவர் வெளிநடப்புச் செய்து, கீழே குடைக்கடையில் நின்று, மழை வரவே திரும்ப வந்தார். ஜான்ரோஸும் யூஜினும் சுவரோரம் நின்றார்கள். மதியம் தாண்டியபின் அவர்கள் முறை வந்தது.

"சாட்சி என்ன சொல்ல விரும்புகிறார்?" என்றார் வைகுண்டராஜன்.

யூஜின் முன்னால் வந்தான். வேட்டியைச் சரிசெய்துகொண்டான். "அய்யா, அன்னைக்கு நான் வாசிக்கல்ல. எனக்க கிட்டாருக்கு ஒயரே குத்தல்ல. வாசிச்சது இவன். பேனருக்குப் பின்னால இருந்து இவன்தான் வாசிச்சான். நான் அழுதது சங்கடத்துல. எனக்கு நாலு கார்டுக்கு மேல தெரியாது. மாதா மேல சத்தியம்."

வைகுண்டராஜன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"பார்த்தீர்களா?" என்றார் சபையைப் பார்த்து. "பார்த்தீர்களா? முதல் பத்துக்குள் இருக்கும் ஒரு கலைஞன், எண்பத்தெட்டில் கிடக்கும் தன் நண்பனுக்காக, நான் வாசிக்கவே இல்லை என்று சொல்கிறான். இந்தப் பணிவு அமெரிக்காவில் உண்டா? அந்த நூறு பேரில் ஒருவனாவது இப்படிச் சொல்லியிருக்கிறானா?"

"அய்யா, பணிவு இல்ல. நெசம்" என்றான் யூஜின்.

"அதைத்தான் பணிவு என்கிறோம்."

ஜான்ரோஸால் பொறுக்க முடியவில்லை. "ஒரு கிட்டாரு தாருங்க. இப்பமே இஞ்சயே ரெண்டு பேரும் வாசிக்கோம். நீங்களே கேட்டு முடிவு பண்ணுங்க!"

நாற்காலிகள் சரசரத்தன. ராஜையன் எழுந்தே விட்டார். இரண்டு உறுப்பினர்கள் கைகளைக் காதுகளுக்குக் கொண்டுபோனார்கள். வைகுண்டராஜன் கையமர்த்தினார். குரல் வருத்தத்தோடு வந்தது.

"தம்பி, இந்தப் பேரவையின் எட்டு ஆண்டு வரலாற்றில் இந்த அறைக்குள் ஒரு கிட்டார் ஒலித்தது கிடையாது. ஒலித்திருந்தால் இந்தப் பேரவை இருந்திருக்காது. நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். எனக்கு இசை பிடிக்காது. சிறு வயதிலிருந்தே பிடிக்காது. அதனால்தான் என்னை ஒருமனதாகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டுறவுத் துறையில் நான் நூற்றுக்கணக்கான சங்கங்களைத் தணிக்கை செய்திருக்கிறேன். பால் சங்கத்தைத் தணிக்கை செய்யப் போகும்போது நான் பால் குடித்ததில்லை. குடித்தவன் கணக்குப் பார்க்க முடியாது. உங்களுக்கு வாசிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அது தப்பில்லை. ஆனால் அதைத் தரத்தோடு போட்டுக் குழப்புகிறீர்கள்."

தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. பணிவுக்காக யூஜின் ஏழாம் இடத்துக்கு உயர்த்தப்பட்டான். முதல் பத்தில் உள்ள ஒருவரைப் பொய் சொல்லத் தூண்டியதற்காக ஜான்ரோஸ் கண்டிக்கப்பட்டான். இனி இப்படிப்பட்ட சங்கடங்கள் நேராமல் இருக்க, முதல் பத்தில் உள்ளவர்கள் ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களோடு ஒரே மேடையில் ஏறக்கூடாது என்று புதிய விதி ஒன்றும் நிறைவேறியது. ஏறினால் அந்த ஊர்க் கமிட்டியின் பெயர் இதழில் வெளியாகும்.

பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். திங்கள்நகர் தாண்டியபோது யூஜின் சொன்னான், "நான் நெசத்தத்தான்லே சொன்னேன்."

"தெரியும்."

"ஏழுன்னு சொன்னப்போ எனக்கு ஒரு..." என்று தொடங்கியவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜான்ரோஸ் அவன் முகத்தைப் பார்த்தான். அதில் சங்கடம் இருந்தது. சங்கடத்தின் ஓரத்தில், ஒரு சிறுவனின் முகத்தில் வருவதுபோல, கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. ஜான்ரோஸ் அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வேவ்ஸ் குழு அதோடு கலைந்தது. விதியை மீறச் சகாயத்துக்குத் துணிவில்லை. யூஜினை மட்டும் தனியாகக் கூப்பிட்டால் நாலு கார்டுதான் இருந்தது. ஜான்ரோஸை மட்டும் கூப்பிட்டால் எண்பத்தெட்டு. அதனால் அடுத்த திருவிழாவுக்கு அருமனையிலிருந்து பதினான்காமவரை அழைத்து வந்தார்கள். அவர் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து சவுண்டு செட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டு, கிட்டாரை மாட்டிக்கொண்டு, அதிலிருந்து ஓடிய பாட்டுக்கு முன்னால் நின்றார். நன்றாகவே நின்றார். கிழவிகள் நடுவில் எழுந்து துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்த இதழில் அவர் பதினொன்று.

ஜான்ரோஸ் கிட்டார் எடுப்பது குறைந்தது. வெந்நீரில் கை வைக்கிற நேரமும் குறைந்தது. "எனக்காவ வாசியுங்களேன்" என்று பிரிஜா சில நாள் கேட்டாள். அவளுக்காக வாசிக்கத் தொடங்கினால் பாதியில், இது எத்தனையாவது இடத்துக்குக் காணும் என்ற யோசனை வந்து விரலைப் பிடித்துக்கொண்டது. அவன் நிறுத்திவிடுவான். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் 'தரம்' வருகிற நாளில் சாயாக்கடைக்குப் போய் முதலில் எடுத்துப் பார்ப்பவன் அவன்தான். தன் இடத்தை மட்டும் பார்க்கவில்லை, எல்லோருடையதையும் பார்த்தான். ஐம்பத்திரண்டாமவனுக்கு இது அதிகம் என்று சாயாக்கடையில் வாதாடவும் செய்தான். "நீ அவன் வாசிச்சுக் கேட்டிருக்கியா?" என்று ஒருமுறை யாரோ கேட்டார்கள். "கேட்டாத்தான் தெரியணுமா?" என்று அவன் சொன்னான். சொன்னபிறகு சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் யூஜின் கிட்டாரோடு வந்தான். மெலிந்திருந்தான். இடது கை விரல் நுனிகள் காய்த்துக் கறுத்திருந்தன. வீட்டில் ஆள்கூட்டம் என்று இருவரும் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய வள்ளத்தின்மேல் போய் உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு வருஷமா படிக்கேன்லே" என்றான் யூஜின். "கம்பெனிக் காத்தாடிக்குக் கீழ காவலுக்கு இருக்கேம்லா, அங்க ஒரு மனுசனும் கெடையாது. ஏழாவது ரேங்கு சும்மா இருக்குன்னு எனக்கு ஒறக்கம் இல்ல. அது எனக்குள்ளதா ஆவணும்னு நெனச்சேன். ஒரு துண்டு நானே போட்டிருக்கேன். ஒனக்குத்தான் மொதல்ல."

அவன் வாசித்தான். தொடக்கம் தடுமாற்றம்தான். ஒரே சுரம் திரும்பத் திரும்பச் சுற்றி வந்தது. பிறகு அதற்குள் வேறொன்று புகுந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் ஆளைத் தள்ளுகிற காற்று, அதில் தனியாக நிற்கிற ஒருவன், அவன் யாரையோ கூப்பிடுகிறான், காற்று அந்தக் குரலை அவன் வாயிலேயே திருப்பி அடைக்கிறது. அவன் மறுபடி கூப்பிடுகிறான். யூஜின் விரல்களில் முதன்முறையாக யூஜின் இருந்தான். ஜான்ரோஸின் விரல்கள் வள்ளத்துப் பலகையில் தாமாகவே கூட வாசித்தன.

விரல்கள் அசைந்த அதே நேரத்தில், அதற்கும் ஒரு கணம் முன்னாலேயே என்றுகூடச் சொல்லலாம், அவன் தலைக்குள் ஓர் எண் வந்து உட்கார்ந்துவிட்டது. அவன் அதைக் கூப்பிடவில்லை. தள்ளிப் பார்த்தான். போகவில்லை. காற்றையும் கூப்பிடுகிற குரலையும் மறுபடி கேட்க முயன்றான். எண்தான் கேட்டது.

யூஜின் வாசித்து முடித்தான். தலை நிமிர்ந்து நண்பனின் முகத்தைப் பார்த்தான். பார்த்த உடனே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தன?" என்று கேட்டான்.

ஜான்ரோஸ் சொல்லாமல் இருந்திருக்கலாம். "எழுவத்தி நாலு" என்றான்.

யூஜின் தலையாட்டினான். கோபம் இல்லை. "எழுவதுக்குள்ள வரும்னு நெனச்சேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கிட்டாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். உப்புக் காற்றில் துருப்பிடித்த ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. ஜான்ரோஸ் உறையின் ஒரு பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டான். யூஜின் இழுத்து மூடினான்.